குளிர்ப் புல்வெளிக்குப் புதிய தீவனப் பயிர்: முதல் கோடை விளைச்சலை நம்பலாமா?

மேய்ச்சல்வெளி

நண்பர்களுக்கு வணக்கம். ஆண்டில் பாதிக்கு மேல் மண் உறைந்து கிடக்கும் புல்வெளியில் இந்த ஆண்டு புதிய தீவனப் பயிர்களுக்கான சோதனை தொடங்கியிருக்கிறேன். பயறு வகை நான்கு, புல் வகை ஐந்து, ஆக ஒன்பது பயிர்கள். நான்கு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் பயிர்களின் இடம் குலுக்கல் முறையில் முடிவானது. கோடை முடிந்து முதல் அறுவடையும் எடுத்தாகிவிட்டது.

ஒரு பயறு வகை மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கிறது. இடுப்பளவு உயரம், அடர்த்தியான இலை, ஆய்வகத்தில் புரதமும் நன்றாகவே வந்திருக்கிறது. வரும் வசந்தத்திலேயே பெரிய பரப்பில் விதைக்கலாம் என்று பண்ணையாளர்கள் கேட்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனாலும் ஏதோ உறுத்துகிறது. ஒரே கோடையை வைத்துப் பரிந்துரை எழுதலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வேர்முடிச்சு

எழுதாதீர்கள். விதைத்த ஆண்டின் விளைச்சல், அந்தப் பயிர் எவ்வளவு வேகமாக முளைத்து எழுந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். குளிர்ப் புல்வெளியில் பல்லாண்டுப் பயிரின் கதை முதல் பனி விழுந்த பிறகுதான் தொடங்குகிறது.

அந்த இடுப்பளவு உயரமே எனக்குக் கவலை தருகிறது. இலையுதிர் காலத்தில் பகல் குறுகும்போது வளர்ச்சியை நிறுத்திவிட்டு, வேரிலும் வேர்க்கழுத்திலும் (வேரும் தண்டும் சேரும் இடம்) சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும் பயிர்தான் உறைபனியைத் தாங்கும். கடைசி வாரம் வரை பச்சையாக மேலே எழும்பிக்கொண்டிருப்பது அந்தத் தயாரிப்பைச் செய்யவில்லை. குதிரை மசாலில் இதற்கென்றே 1 முதல் 11 வரை இலையுதிர்கால உறக்க மதிப்பெண் தருகிறார்கள். எண் சிறியதாக இருந்தால் அந்த இரகம் சீக்கிரம் உறங்கப் போகும். உங்கள் பயறு குதிரை மசால் வகையா? விதை எந்த அட்சரேகையிலிருந்து வந்தது?

மேய்ச்சல்வெளி

குதிரை மசால்தான் ஐயா. விதை இங்கிருந்து வெகு தெற்கே உற்பத்தியானது. அங்கும் குளிர்காலம் கடுமையானது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

வேர்முடிச்சு

கடுமை ஒன்றாக இருந்தாலும் பகல் நீளம் வேறு. தெற்கத்திய இரகம் உறங்கப் போவதற்குக் காத்திருக்கும் பகல் நீளம் வடக்கே வந்து சேர்வதற்குள் அங்கே உறைபனி விழுந்துவிடும். செடி விழித்திருக்கும்போதே அடி வாங்கும். வடபுலத்தில் ஆய்வு செய்பவர்கள் பழைய உள்ளூர் இரகங்களை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். வடநார்வேயின் எங்மோ என்ற திமோத்தி புல் இரகம் நல்ல எடுத்துக்காட்டு. விளைச்சலில் அதை வெல்லும் இரகங்கள் பல உண்டு. வசந்தத்தில் உயிரோடு எழுவதில் அதை வெல்வது கடினம்.

பனிக்காலப் பண்ணை

நான் ஆய்வாளன் இல்லை, மாடு வளர்ப்பவன். மேலே சொன்ன தவற்றை நானே செய்திருக்கிறேன். முதல் கோடையில் வந்தவர்களையெல்லாம் வயலுக்கு அழைத்துக் காட்டினேன். இரண்டாம் வசந்தத்தில் பனி உருகியபோது திட்டுத்திட்டாகப் பழுப்பு நிறம். தோண்டிப் பார்த்தால் வேர் நார் நாராகப் பிரிந்துவந்தது. உயிருள்ள வேர் வெட்டினால் வெண்மையாகக் கெட்டியாக இருக்கும். அந்த வித்தியாசத்தை அன்றைக்குத்தான் கற்றேன். விதைக்கான செலவை விட, அந்த ஆண்டு தீவனத்துக்கு அலைந்த அலைச்சல்தான் மறக்கவில்லை. மாட்டுக்குப் பசி காத்திருக்காது.

வேர்முடிச்சு ஐயா, ஒரு கேள்வி. என் வயலில் மேட்டுப் பகுதி செத்தது, பள்ளம் பிழைத்தது. அடுத்த ஆண்டு தலைகீழாகிவிட்டது. இது எப்படி?

வேர்முடிச்சு

நல்ல கேள்வி, அண்ணா. குளிர்காலச் சாவு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நான்கைந்து வகைச் சாவு.

மேட்டில் நடந்தது நேரடி உறைதல். காற்று பனியை வாரிக்கொண்டு போய்விடும், மண் வெறுமையாகிவிடும். வேர்க்கழுத்து இருக்கும் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை மைனஸ் 15 பாகை செல்சியஸை நெருங்கினால் குதிரை மசாலுக்குச் சேதம் தொடங்கும். பனி என்பது பெரும்பாலும் காற்றுதான், போர்வை மாதிரி. 10 செ.மீ. தளர்ந்த பனி நின்றால்கூட வேர்க்கழுத்துக்குப் பெரிய பாதுகாப்பு. பள்ளத்தில் பனி தங்கியது, பயிர் பிழைத்தது.

அடுத்த ஆண்டு நடுக்குளிரில் ஒரு சூடான வாரம் வந்திருக்கும். பனி உருகிப் பள்ளத்தில் தேங்கிய நீர் மறுபடி உறைந்து பாளமாகியிருக்கும். பனிக்கட்டிப் பாளம் காற்றை விடாது. செடி உறக்கத்திலும் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. பாளத்துக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, கரியமில வாயுவும் நச்சுக் கழிவுகளும் சேர்ந்து, சில வாரங்களில் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இதைத் தாங்குவதில் திமோத்தி புல் முன்னணியில் நிற்கிறது. குதிரை மசால் மிகவும் பின்தங்கும்.

இவை தவிர, மண் உறைந்தும் இளகியும் ஆணிவேரை மேலே பிதுக்கித் தள்ளுவது உண்டு. உறையாத ஈர மண்ணின் மேல் பனி நீண்ட நாள் கிடந்தால் பனிப்பூஞ்சை வரும். எந்தச் சாவு நடந்தது என்று குறிக்காமல் "பிழைப்பு விழுக்காடு" என்று ஒரே எண்ணை மட்டும் எழுதும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அந்த எண்ணை வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது.

எண்ணும்_எழுத்தும்

நான் புள்ளியியல் படிக்கும் மாணவி. தலைப்பு எனக்கு மிகவும் பிடித்தது, சில ஐயங்கள் கேட்கலாமா?

மேய்ச்சல்வெளி அவர்களே, ஒன்பது பயிர்களையும் ஒரே நாளில் அறுத்தீர்களா? அப்படியானால் சீக்கிரம் பூக்கும் பயிர் முற்றிய நிலையிலும், தாமதமாகப் பூப்பது இளம் நிலையிலும் அறுபட்டிருக்கும். எடையில் முதலாவதும் புரதத்தில் இரண்டாவதும் ஜெயித்ததாகத் தெரியும். உண்மையில் ஜெயித்தது நாட்காட்டி.

இன்னொன்று, ஒப்பீட்டுப் பயிர் எது? அந்தப் பகுதியில் ஏற்கெனவே எல்லோரும் போடும் பயிர் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அது இல்லையென்றால், புதியவற்றுள் எது சிறந்தது என்று மட்டுமே தெரியும். இருப்பதை விடச் சிறந்ததா என்று தெரியாது.

மேய்ச்சல்வெளி

ஒரே நாளில்தான் அறுத்தேன். ஆட்கள் கிடைத்தது அன்று மட்டும்தான். ஒப்பீட்டுக்கு இங்கே பழக்கத்திலுள்ள திமோத்தி புல்லைச் சேர்த்திருக்கிறேன். ஒன்பதில் அதுவும் ஒன்று.

எண்ணும்_எழுத்தும்

ஒப்பீட்டுப் பயிர் இருப்பது பெரிய நிம்மதி. அடுத்த ஆண்டு பாதிப் பாத்தியைப் பயிரின் பருவத்தை வைத்தும், மறுபாதியை ஒரே நாளிலும் அறுக்க முடியுமா? பண்ணையாளர் தன் வயலை எப்படி அறுப்பாரோ அதற்கு நெருக்கமானது முதல் வகைதான். வசந்தகாலப் புல்லின் செரிமானத் தன்மை நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை விழுக்காட்டுப் புள்ளி இறங்கும் என்பார்கள். பத்து நாள் வித்தியாசம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கால்நடை_மருத்துவர்

இவ்வளவு நேரம் செடி பிழைக்குமா என்று பேசினீர்கள். மாடு பிழைக்குமா என்று நான் கேட்க வேண்டியிருக்கிறது. நான் நாற்பது ஆண்டு இந்த வேலையில் இருந்தவள், கொஞ்சம் நீளமாக எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிய பயிரை மதிப்பிடும்போது புரதத்தையும் நாரையும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் வேறென்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. ஸ்வீட் குளோவர் என்ற பயறு வகைத் தீவனத்தின் கதை தெரியுமா? வறட்சியையும் குளிரையும் தாங்கும், மண்ணை வளப்படுத்தும் என்று வட அமெரிக்கச் சமவெளிகளில் பரவலாக விதைத்தார்கள். 1920களில் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தம் கசிந்து செத்தன. கொம்பு நீக்கினால் இரத்தம் நிற்காது, காயடித்தால் நிற்காது. ஈரம் போகாமல் பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் வைக்கோல்தான் காரணம் என்று கனடாவில் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். 1933 குளிர்காலத்தில் விஸ்கான்சினில் ஒரு விவசாயி செத்த கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த பால்கேனையும், அந்த வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த வேதியியலாளர் கார்ல் லிங்கின் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதுதான் டைகூமரால். பயிரில் இயல்பாக இருக்கும் கூமரினைப் பூஞ்சை அப்படி மாற்றிவிடுகிறது. மனிதருக்கு இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் அந்த ஆய்வின் வழித்தோன்றல்தான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சையாக ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியில் இந்த ஆபத்து தெரிந்திருக்காது. கோடை குறுகிய, ஈரமான ஊரில் வைக்கோல் சரியாகக் காயாது. ஆகவே பயிரை மட்டும் சோதித்தால் போதாது. அந்த ஊரில் அதை எப்படிச் சேமிப்பார்களோ அப்படிச் சேமித்து, நடுக்குளிரில் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

வயிறு உப்புசத்தையும் கணக்கில் வையுங்கள். குதிரை மசாலை இளசாக மேய விட்டால் பெருவயிற்றில் நுரை கட்டி, கண்முன்னே மாடு சாய்ந்துவிடும். செயின்ஃபாயின், பேர்ட்ஸ்ஃபுட் டிரெஃபாயில், சைசர் மில்க்வெட்ச் ஆகியவை உப்புசம் தராத பயறு வகைகள். முதல் இரண்டிலும் டானின் இருக்கிறது, அது புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நுரை கட்டாது. ஆனால் டானின் உலர் பொருளில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் மாடு தின்பதே குறையத் தொடங்கும். இவற்றில் ஏதாவது உங்கள் ஒன்பதில் இருக்கிறதா, தம்பி?

மேய்ச்சல்வெளி

செயின்ஃபாயினும் சைசர் மில்க்வெட்சும் இருக்கின்றன, அம்மா. செயின்ஃபாயின் சுமாராக வந்தது. மில்க்வெட்ச் முளைத்ததே தெரியவில்லை. அதை விட்டுவிடலாம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

வேர்முடிச்சு

அந்தக் குறிப்பை அடித்துவிடுங்கள்! சைசர் மில்க்வெட்சின் விதைத்தோல் கடினமானது, தேய்த்து விதைக்காவிட்டால் பாதி முளைக்காது. முளைத்த பிறகும் முதல் ஆண்டில் மண்ணுக்கு அடியில்தான் வேலை பார்க்கும். பிறகு வேர்த்தண்டு ஓடிப் பரவும். உறைபனி பட்ட பிறகும் இலையை எளிதில் உதிர்க்காது, பின்பருவ மேய்ச்சலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? முதல் ஆண்டு மதிப்பெண்ணை வைத்து நீக்கினால் எப்போதும் இப்படிப்பட்ட பயிரைத்தான் இழப்போம்.

செயின்ஃபாயினின் வேரைத் தோண்டி முடிச்சுகளைப் பாருங்கள். அதற்கு உரிய ரைசோபியம் (வேர்முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பயிருக்குத் தரும் நுண்ணுயிர்) வேறு. புதிய நிலத்தில் அது இயற்கையாக இருக்காது, விதையோடு கலந்து கொடுத்திருக்க வேண்டும். முடிச்சை அறுத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், "சுமார்" என்ற உங்கள் தீர்ப்பு பயிருக்குரியது ஆகாது, நுண்ணுயிர் இல்லாத குறைக்குரியது. எஸ்டோனியாவில் கலேகா என்ற பயற்றைத் தீவனமாக வளர்த்தெடுத்தார்கள். குளிரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பயிர் அது. அதற்கும் தனக்கே உரிய நுண்ணுயிர் வேண்டும்.

பனிக்காலப் பண்ணை

எனக்கு ஓர் எளிய வழி தோன்றுகிறது. குளிர்காலச் சாவைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு? ஓட்ஸ், பார்லி, டிரிட்டிகேல் போன்ற ஓராண்டுத் தானியப் பயிர்களைப் போட்டுவிடலாமே. கோடையில் விதைத்து உறைபனிக்கு முன் அறுத்துவிட்டால் செடி பிழைக்க வேண்டிய தேவையே இல்லை. கனடாவின் மேற்குச் சமவெளியில் அறுத்த பயிரை வரிசையாக வயலிலேயே போட்டுவிட்டு, குளிர்காலத்தில் மாட்டைப் பனியைக் கிளறித் தின்ன விடுகிறார்கள். கட்டுக்கட்டி, ஏற்றி, இறக்கும் செலவு இல்லை, சாணமும் வயலிலேயே விழுகிறது.

கால்நடை_மருத்துவர்

நல்ல முறைதான், அண்ணா. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். உறைபனி அடித்த ஓட்ஸில் அடுத்த சில நாள்களுக்கு நைட்ரேட் ஏறும். வேர் உறிஞ்சுகிறது, அடிபட்ட இலை அதைப் புரதமாக மாற்ற முடியாமல் நிற்கிறது. ஊறுகாய்ப் புல்லாக்கினால் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்தால்) நைட்ரேட் ஓரளவு இறங்கும். காயவைத்தால் அப்படியே இருக்கும். சோதிக்காமல் சினை மாட்டுக்குப் போடாதீர்கள்.

அடுத்தது பனியின் மேல்தோல். மங்கோலியர்கள் கொடுங்குளிர்காலத்தை ட்ஸுட் என்கிறார்கள், அதிலும் வகை பிரிக்கிறார்கள். ஆழ்ந்த பனி மூடியது வெள்ளை ட்ஸுட். பனி உருகி மறுபடி உறைந்து இரும்புபோல் இறுகியது இரும்பு ட்ஸுட். புல் கீழே இருக்கும், கால்நடையால் எட்ட முடியாது. 2009-10 குளிர்காலத்தில் மங்கோலியா 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை இழந்தது. அதற்கு முந்தைய கோடையும் வறண்டிருந்தது. மெலிந்த உடலோடு குளிருக்குள் போன கால்நடைகள் அவை. கோடையில் எத்தனை டன் விளைந்தது என்பதும், நடுக்குளிரில் எத்தனை கிலோ வாய்க்குள் போகிறது என்பதும் வேறு வேறு கணக்குகள்.

வேர்முடிச்சு

அதனால்தான் நிமிர்ந்து நிற்கும் புற்களையும் பட்டியலில் வையுங்கள் என்கிறேன். அல்தாய் வைல்ட்ரை பனிக்கு மேலே தலைநீட்டி நிற்கும். ரஷ்யன் வைல்ட்ரை முற்றிய பிறகும் புரதத்தை மற்ற புற்களை விட நன்றாகக் காத்துக்கொள்ளும். இரண்டுமே வேரூன்ற நாளெடுப்பவை. கோடை எடையில் இவை பரிசு வாங்காது.

ஓட்ஸ் பற்றி எனக்கு ஒரு மறுப்பும் உண்டு. ஆண்டுதோறும் உழுது விதைத்தால் புல்வெளி மண்ணின் கரிமச்சத்தை ஆண்டுதோறும் கலைக்கிறோம். சரிவான நிலத்தில் அரிப்பும் சேரும். தீவனத் தட்டுப்பாட்டு ஆண்டுக்கு அது காப்பீடு, அந்த அளவுக்குச் சரி.

எண்ணும்_எழுத்தும்

ஆய்வக எண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லையே? மாதிரியை எத்தனை பாகையில் உலர்த்தினீர்கள்? அகச்சிவப்புக் கருவியில் அளந்தார்களா, வேதிமுறையில் அளந்தார்களா?

மேய்ச்சல்வெளி

அகச்சிவப்புக் கருவியில்தான். உலர்த்தியது ஆய்வகம், பாகை கேட்கவில்லை. விரைவாக முடித்துக் கொடுத்தார்கள்.

எண்ணும்_எழுத்தும்

கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 60 பாகை அளவில் மெதுவாக உலர்த்த வேண்டும். அவசரத்துக்குச் சூட்டை ஏற்றினால் புரதம் நாரோடு ஒட்டிக்கொள்ளும். புரத அளவு அப்படியே வரும், ஆனால் மாட்டால் செரிக்க முடியாது. அகச்சிவப்புக் கருவி தனக்குப் பழக்கப்படுத்திய பயிரைத்தான் சரியாக அளக்கும். குதிரை மசாலுக்கும் திமோத்திக்கும் நம்பலாம். மில்க்வெட்ச் போன்ற அரிய பயிருக்கு ஒரு பகுதி மாதிரிகளையாவது வேதிமுறையில் சரிபார்க்காமல் எண்ணை எழுதக் கூடாது.

பனிக்காலப் பண்ணை

எனக்குப் புரியும் எண் ஒன்று சொல்கிறேன். இறைச்சி மாடு வளர்க்கும் சமவெளிக்காரர்கள் 7, 9, 11 என்பார்கள். நடுச் சினைக்கு 7 விழுக்காடு புரதம், பின் சினைக்கு 9, கன்று ஈன்ற பிறகு 11. 20 விழுக்காடு புரதம் உள்ள தீவனத்தை நடுச் சினை மாட்டுக்குக் கொடுத்தால் அது வீண். அதற்கு வேண்டியது வயிறு நிறைய, அளவான சத்துள்ள தீவனம். "சிறந்த பயிர்" என்று தனியாக ஒன்று இல்லை. எந்த மாட்டுக்கு, எந்த மாதத்துக்கு என்று சேர்த்துக் கேளுங்கள்.

வேர்முடிச்சு

இதை என் அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன், அண்ணா.

கால்நடை_மருத்துவர்

ஒன்று விட்டுப்போயிற்று, இதைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. ஒரு பயிர் பிழைக்குமா என்று கேட்கிறோம். தேவைப்பட்டால் அதை ஒழிக்க முடியுமா என்றும் கேட்க வேண்டும்.

சோஸ்னோவ்ஸ்கி ஹாக்வீட் என்ற காக்கேசியச் செடியை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத் நாட்டின் வடபகுதிகளில் ஊறுகாய்ப் புல்லுக்காகப் பரப்பினார்கள். குளிருக்கு அஞ்சாது, ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பச்சை எடை கொட்டும். நாம் மேலே பேசிய பல சோதனைகளில் முதலிடம் வாங்கியிருக்கும். அதன் சாறு தோலில் பட்டு வெயில் பட்டால் தீக்காயம்போல் கொப்புளம் வெடிக்கும். பண்ணைகள் கைவிட்ட பிறகும் அது நிற்கவில்லை. சாலையோரம், ஆற்றங்கரை, பாழ்வயல் எங்கும் பரவியது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட அயல் ஊடுருவல் இனங்களின் முதல் பட்டியலில் அதன் பெயர் இருந்தது.

வேர்முடிச்சு

அம்மா சொல்வது அத்தனையும் உண்மை. சற்று மென்மையான எடுத்துக்காட்டு கிரெஸ்டட் வீட்கிராஸ். தாவர ஆய்வாளர் நீல்ஸ் ஹான்சன் 1898இல் ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த புல் அது. 1930களின் வறட்சியில் மண் பறந்துபோன நிலங்களைக் கட்டிப் பிடித்தது அதுதான், அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் அது வேரூன்றிய இடத்தில் நாட்டுப் புற்கள் திரும்பி வரத் தடுமாறுகின்றன. இன்று சில இயற்கைப் புல்வெளிகளில் அதை அகற்றுவதற்கென்றே உழைக்கிறார்கள்.

குளிர், வறட்சி, வளமற்ற மண், கடும் மேய்ச்சல் அத்தனையையும் தாங்க வேண்டும் என்று நாம் தேடும் குணங்கள்தான் களைக்கும் உரியவை. ஆகவே சோதனைத் திடலின் ஓரத்தில் பாத்தியை விட்டு வெளியே முளைத்த நாற்றுகளை ஒவ்வோர் ஆண்டும் எண்ணுங்கள். ஐந்து நிமிட வேலை. பெரும்பாலான சோதனைகளில் யாரும் செய்வதில்லை.

மேய்ச்சல்வெளி

எல்லோருக்கும் நன்றி. பண்ணையாளர்களிடம் பேசிவிட்டேன். பரிந்துரையை மூன்றாம் வசந்தம் வரை தள்ளிவைக்கிறேன் என்றேன். சிலருக்கு வருத்தம். ஒருவர், "அதுவரை எங்கள் மாடு என்ன தின்னும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இடைக்காலத்துக்கு ஓட்ஸும், பழகிய திமோத்தியும் என்று முடிவானது. தெற்கிலிருந்து வந்த குதிரை மசாலைச் சிறிய துண்டில் மட்டும் அவர்களே போட்டுப் பார்க்கட்டும் என்று சொன்னேன்.

மில்க்வெட்சை நீக்கவில்லை. செயின்ஃபாயின் வேரை இன்று தோண்டினேன். முடிச்சுகள் இருந்தன, மிகக் குறைவு, உள்ளே வெளிர்நிறம். நுண்ணுயிர் கலந்து ஒரு துணைப் பாத்தியை வசந்தத்தில் மறுபடி விதைக்கிறேன். சேமித்த தீவனத்தை நடுக்குளிரில் திறந்து பூஞ்சை பார்க்கவும், கொஞ்சம் மாடுகளுக்குத் தனித்தனியாக வைத்து எதை முதலில் தின்கின்றன என்று பார்க்கவும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

ஒரே ஐயம். உறைபனிக்கு முன் குதிரை மசால் பாத்திகளில் இன்னோர் அறுப்பு எடுக்கலாமா? ஒரு சாண் உயரம் வளர்ந்திருக்கிறது.

வேர்முடிச்சு

வேண்டாம். கொல்லும் உறைபனிக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரம் அதைத் தொடவே கூடாது. அப்போது அறுத்தால் மறுதுளிர்ப்புக்காக வேரின் சேமிப்பைச் செலவழித்துவிடும், நிரப்ப நாள் இருக்காது. அந்த ஒரு சாண் தண்டு நிற்கட்டும், காற்றில் பறக்கும் பனியைப் பிடித்துவைக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் வேர்க்கழுத்து ஆழத்தில் ஒரு வெப்பமானியைப் புதைத்துவிடுங்கள். வசந்தத்தில் தண்டுகளை எண்ணும்போது, சதுர அடிக்கு 55க்கு மேல் இருந்தால் நல்ல நிலை. 40க்குக் கீழே போனால் அந்தப் பாத்தி தேறாது.

பனிக்காலப் பண்ணை

பாத்தி மூலைகளில் உயரமான கம்பு நட்டு, மேல்முனையில் நிறத்துணி கட்டிவிடுங்கள் தம்பி. குட்டையான குச்சி நட்டால் பனி மூடிய பிறகு எந்தப் பாத்தி எங்கே என்று தெரியாது. மண் இறுகுவதற்குள் நடுங்கள்.

மேய்ச்சல்வெளி

நாளைக் காலையிலேயே நட்டுவிடுகிறேன், அண்ணா. இரவில் மண் இறுகத் தொடங்கிவிட்டது.